வாடகைதாரர் ஷரத்தும் ஒரு வெள்ளிக்கிழமையும்

நம் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் நண்பர்களுக்கு எழுதுகிறேன். முதலில் என் நிலையைச் சொல்லிவிடுவது முறை. இந்நிகழ்வுகள் தொடங்குவதற்கு முன்பே ஆவடியில் என்னை அறியாதவர்கள் குறைவு. படைத்துறைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாகப் பணியாற்றி, ஒரு குறிப்பாணைகூடப் பெறாமல் ஓய்வு பெற்றவன். இயற்பியலில் முதுகலை படித்தவன். எங்கள் திருச்சபையின் செயலாளராகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவன். குடியிருப்பில் இரண்டு வீட்டாருக்குள் சுற்றுச்சுவர்த் தகராறு வந்தால், காவல் நிலையத்துக்குப் போகும் முன் என் வீட்டு வாசலுக்கு வருவார்கள். ஆகவே, சூரிய மின்சாரத்துக்குச் சட்டம் கேட்கும் பல்சமயக் குழுவில் சேர்ந்த பிறகுதான் எனக்குப் பெயர் கிடைத்தது என்று எவரேனும் உங்களிடம் கூறினால், அது பிழை. நான் பெயரோடுதான் வந்தேன். அதற்குப் பழுது வரக்கூடாதே என்ற கவலையையும் உடன் கொண்டு வந்தேன்.

இவ்வாண்டு வெளியான நம் குழுவின் மலரைப் படித்த பிறகே இதை எழுதுகிறேன். அதில் உள்ள இரண்டு செய்திகள் உண்மையல்ல. அவற்றை மறுப்பதற்கு முன், நடந்ததை நீங்கள் அறிய வேண்டும். பணியில் உங்களுக்கு அது உதவும்.

குழு தோன்றிய விதம் சிறப்பானதன்று. ஒரு மழைக்காலத்தில் பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிய தெருக்களில் நீர் புகுந்தது. எங்கள் தேவாலயக் கூடம், ஏரிக்கரைக் கோயில் மண்டபம், பூந்தமல்லிப் பள்ளிவாசல் ஆகிய மூன்றிலும் மக்கள் தங்கினார்கள். சமைக்கப் பெரிய அண்டா பள்ளிவாசலில் மட்டுமே இருந்தது. அது மூன்று இடங்களுக்கும் மாறி மாறிப் போனது. அண்டாவோடு பள்ளிவாசல் இமாமும் வந்தார். அவரை எல்லாரும் ஹஜ்ரத் என்றே அழைத்தார்கள். கோயில் குருக்களும் எங்கள் ஆயரும் அவரும் அந்த அண்டாவைச் சுற்றித்தான் முதலில் பேசிக்கொண்டார்கள். நீர் வடிந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. மழை தன் காலத்தில் பெய்வதில்லை, வெயில் தன் அளவில் நிற்பதில்லை, இதற்கு வேண்டுதல் மட்டும் போதாது, சட்டமும் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். எழுத்து வேலைக்கு என்னைச் செயலாளராக அழைத்தார்கள்.

நாங்கள் செய்த முதல் வேலை தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்தது. மூன்று சமயப் பெரியோர்களும் பேசினார்கள். படைப்பைப் பேணும் கடமை, பஞ்சபூதங்களின் புனிதம், இறைவன் ஒப்படைத்த அமானிதம் என எல்லாம் சொல்லப்பட்டன. உறுப்பினர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"ஐயா, நீங்க சொன்னது அத்தனையும் சரி. பூமிக்கு ஆபத்து, ஒத்துக்கறேன். இப்ப நான் என்ன பண்ணணும்? எந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

எங்களிடம் பேப்பர் இல்லை.

வெளியே வரவேற்பறையில் ஒரு கத்தோலிக்க அருட்சகோதரி காத்திருந்தார். அம்பத்தூரில் ஒரு பள்ளியை நெடுங்காலம் நடத்தியவர். அவர் பெயரை நான் எழுதவில்லை. எழுதக்கூடாது என்பது அவர் கட்டளை. எங்களைப் பார்த்ததும் கேட்டார்: "உள்ள கச்சேரி மாதிரி இருந்துச்சே, என்ன கேட்டீங்க?"

"சுற்றுச்சூழலைப் பாதுகாக்கும் அவசியத்தை வலியுறுத்தினோம், சிஸ்டர்" என்றேன்.

"அது பிரசங்கம் சார். கோரிக்கை எங்க? நான் இப்ப உள்ள போயி ஸ்கூல் வாசல்ல ஒரு வேகத்தடை கேக்கப் போறேன். கெடச்சுடும். நீங்க உலகத்தையே கேட்டுட்டு வந்திருக்கீங்க. அதை யாரு தருவா?"

பிறர் முன்னிலையில் என்னிடம் அப்படிப் பேசுகிறவர்கள் அக்காலத்தில் இல்லை. ஆயினும் மறுவாரம் நானே அவருடைய பள்ளிக்குச் சென்று, குழுவுக்கு ஆலோசகராக வரும்படி கேட்டுக்கொண்டேன். அவர் வந்தார். அதற்காக இன்றளவும் நன்றியுடையவனாக இருக்கிறேன். வேகத்தடையும் வந்துவிட்டது, இன்றும் அங்கே இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் மாடிகளில் சூரியத் தகடு பொருத்துவது தொடர்பாக ஒரு சட்ட முன்வரைவு வெளியாகியிருந்தது. அதை விளக்குவதற்காகப் பூந்தமல்லியில், பள்ளிவாசலை ஒட்டிய மதரசாக் கூடத்தில், ஒரு கூட்டம் நடத்தினோம். நான் உரையாற்றினேன். கட்டட உரிமையாளர் தம் மாடியில் தகடு பொருத்தலாம், அதில் விளையும் மின்சாரம் அவருடைய கட்டணத்தில் கழிக்கப்படும் என்பதை அறிவியல் முறைப்படி விளக்கினேன். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயர் செல்வி. பாரிவாக்கத்தில், ஒருவருடைய மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட போர்ஷனில் வாடகைக்கு இருந்து, முகப்பேர்ப் பள்ளிகளுக்குச் சீருடை தைப்பவள்.

"இன்னா சார் சொல்ற? மாடி ஓனருது. அது மேல அடிக்கிற வெயிலு மட்டும் எங்குளுதா?"

கூட்டம் சிரித்தது. அவள் உட்காரவில்லை.

"சிரிங்க, சிரிங்க. இஸ்கூலு தொறக்கறதுக்கு முன்னால யூனிபார்ம் குடுக்கணும். அப்டின்னா கத்திரி வெயில்லதான் தெக்கணும். மேல ஷீட்டு. மிஷினு ஓடுனா ஃபேன நிறுத்திடுவேன், பில்லு ஏறும்னு. போன கத்திரில மிஷினு மேலயே மயங்கி உழுந்துட்டேன். ஊசி வெரல்ல ஏறிச்சு. இந்த வாட்டியும் அப்டி ஆச்சின்னா ஆர்டர வேற ஆளுக்குக் குட்த்துருவாங்க. வாடகை ஊட்ல கீறவங்களுக்கு உங்க சட்டத்துல இன்னா கீது, அத சொல்லு சார்."

முன்வரைவில் வாடகைதாரர் என்ற சொல்லே இல்லை. அதை நான் அவளிடம் அப்படியே சொன்னேன். இல்லாததை இருக்கிறது என்று சொல்லும் வழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

கூட்டம் கலைந்த பிறகு ஹஜ்ரத் தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சிஸ்டர் கோரிக்கை கோரிக்கைன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களே. இந்தப் பிள்ளை கேட்டதுதான் கோரிக்கை. நம்ம பள்ளிவாசல் மாடி சும்மாதானே கெடக்குது? அதுல தகடு போடுவோம். அந்தக் கரண்டு செல்வி பில்லுல கழியட்டும். அதுக்குச் சட்டம் எடம் குடுக்கணும். என்ன சார், முடியுமா?"

குருக்கள் உடனே, "எங்க மண்டபத்து மாடியும் காலிதான். வடாம் கூட யாரும் காயப்போடறதில்லை இப்பல்லாம்" என்றார்.

அருட்சகோதரி அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்களைப் பாராட்டினார். "இப்பதான் சார் உங்களுக்கு ஒரு வேகத்தடை கெடச்சிருக்கு."

வழிபாட்டு இடங்கள், பொதுக் கட்டடங்கள் ஆகியவற்றின் மாடியில் விளையும் மின்சாரத்தில், சொந்த மாடி இல்லாத வாடகைதாரரும் பங்கு பெற்றுத் தம் மீட்டரில் கழித்துக்கொள்ளலாம் என்பதே அந்த ஷரத்து. ஒரே வரி. அதை எழுதிக் கொடுத்தவன் நான். என் வாக்கியங்களைப் பற்றி ஹஜ்ரத்துக்கு ஒரு கேலி உண்டு. "சார் எழுதுற வாக்கியத்துல பூந்தமல்லியில ஏறினா அம்பத்தூர்லதான் எறங்க முடியும், நடுவுல ஸ்டாப்பே கெடையாது" என்பார். இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, "மாஷா அல்லாஹ், இது அடுத்த ஸ்டாப்பு குமணன்சாவடியிலயே எறங்கிடுச்சு" என்றார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அதை மறக்கவும் இல்லை.

முன்வரைவைப் பரிசீலிக்கச் சட்டமன்ற உறுப்பினர்கள் அடங்கிய குழு ஒன்று ஊர் ஊராகக் கருத்துக் கேட்டு வந்தது. எங்கள் பகுதிக்கான கூட்டம் அம்பத்தூரில் ஒரு திருமண மண்டபத்தில். எங்களுக்கு ஒதுக்கப்பட்டது கால் மணி நேரம். நாள், வெள்ளிக்கிழமை.

ஹஜ்ரத்துக்கு அன்று நண்பகலில் ஜும்மா தொழுகை நடத்தும் பொறுப்பு உண்டு. ஆனால் எங்கள் முறை காலையிலேயே வந்துவிடும் என்று அலுவலகத்தில் உறுதி கூறியிருந்ததால் அவர் ஒப்புக்கொண்டார்.

இங்கே நம் குழுவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் கூட்டம் எதுவும் மூன்று சமய வேண்டுதலும் இல்லாமல் தொடங்குவதில்லை. யார் முதலில் என்பது கூட்டத்துக்குக் கூட்டம் சுழலும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சடங்கு. உள்ளே இருப்பவருக்குத் தெரியும், இந்தச் சுழற்சிதான் எங்களை உடையாமல் வைத்திருந்தது. எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறும் இதிலிருந்துதான் வந்தது.

அருட்சகோதரி முன்கூட்டியே எச்சரித்தார். "வாசல்லயே மூணு பேரும் ஜெபிச்சுட்டு உள்ள போங்க. உள்ள போனதும் கோரிக்கையை வைங்க. சாமி கோச்சிக்க மாட்டார், கமிட்டி கோச்சிக்கும்."

ஆயர் தயங்கினார். "வாசல்ல ஜெபிச்சிட்டு உள்ள வெறுமனே பேசினா, நாம யாருன்னு அவங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" குருக்களுக்கும் அதே எண்ணம். ஹஜ்ரத், பெரும்பான்மை எப்படியோ அப்படி என்றார். முடிவில், ஆளுக்கு ஒரு நிமிடம் வேண்டுதல், பிறகு என் உரை, கடைசியில் செல்வி என்று தீர்மானமாயிற்று. சுழற்சிப்படி அன்று குருக்கள் முதலாமவர், ஆயர் இரண்டாமவர், ஹஜ்ரத் மூன்றாமவர்.

ஒரு நிமிடம் என்பது ஒவ்வொரு சமயத்திலும் வெவ்வேறு நீளமுடையது. அதை அன்று கண்டோம்.

காலையில் எங்களுக்கு முன் தொழிற்பேட்டையைச் சேர்ந்தவர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்கள் பேசி முடிக்கவில்லை. நேரம் நழுவியது. ஹஜ்ரத் மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதும், கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். இரண்டும் ஒரே நேரத்தைத்தான் காட்டின. செல்வி, தைத்து முடித்த சீருடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போகும் வழியில் முகப்பேரில் கொடுக்க வேண்டுமாம்.

எங்களை அழைத்தபோது உச்சிவேளை நெருங்கிவிட்டது. முதலில் சட்டமன்றக் குழு உறுப்பினர்களுக்குப் பொன்னாடை போர்த்தினோம். மூன்று சமயத்தின் சார்பிலும் தனித்தனியே போர்த்தினோம். குழுத் தலைவர் சால்வைகளுக்குள் மறைந்துபோனார். பிறகு குருக்கள் சூரிய நமஸ்கார மந்திரத்தில் தொடங்கினார். கணீரென்ற குரல், மண்டபம் அமைதியாயிற்று. சூரியனோடு முடிப்பார் என்று எண்ணினோம். அவர் மீதமுள்ள கோள்களையும் விட்டுவைக்கவில்லை.

"சாமி, கொஞ்சம் சீக்கிரம்" என்றார் தலைவர்.

"இதோ, பூர்த்தி ஆயிடுத்து" என்று குருக்கள் மேலும் ஒரு சுற்று தொடர்ந்தார்.

அடுத்து எங்கள் ஆயர். அவர் மனத்திலிருந்து வேண்டுபவர், எழுதி வைத்துக்கொள்வதில்லை. தலைவருக்காக வேண்டினார். ஒவ்வொரு உறுப்பினருக்காகவும், அவர்களுடைய குடும்பத்தாருக்காகவும் வேண்டினார். சுருக்கெழுத்தருக்காகவும், ஒலிபெருக்கி இயக்குபவருக்காகவும் வேண்டினார். வேண்டுதலின்போது உட்கார முடியாது என்பதால் குழு முழுவதும் நின்றது. தலைவர் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆமென் சொன்ன மறுகணம் தலைவர் பேசினார்: "ஐயா, உங்க நேரம் முடியப் போகுது. அடுத்த குழு வெளிய நிக்குது. இன்னும் ஒருத்தர்தான் பேச முடியும். யாரு?"

நண்பர்களே, இத்தகைய நொடி உங்களுக்கும் வரும். ஆண்டுக்கணக்கில் உழைத்ததெல்லாம் அந்த நொடியில் ஓர் ஒலிவாங்கியின் முன் வந்து நிற்கும். ஷரத்தைப் பற்றி அதுவரை யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மூன்று சமயங்களில் இரண்டு வேண்டிவிட்டன. மூன்றாவது வேண்டாமல் போனால், நாங்கள் உயிராகக் காத்த வழக்கம் ஊரறிய முறியும். அதுவும் யாருக்கு எதிராக என்று பேசப்படும் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் வேண்டினால் ஷரத்து போகும். என் கையில் என் உரை இருந்தது. அது நல்ல உரை; இன்றும் அதில் ஒரு சொல்லை மாற்ற மாட்டேன்.

ஹஜ்ரத் எழுந்தார். ஒலிவாங்கிக்குப் போகவில்லை. என் காதருகே குனிந்தார்.

"செக்ரட்டரி சார், என் துஆவை வண்டியில போறப்ப ஓதிக்கிறேன். என் நேரத்தைச் செல்விக்குக் குடுத்துடுங்க. பள்ளிவாசல் மாடியைத் தர்றோம்னு என் பேரைச் சொல்லியே சொல்லச் சொல்லுங்க. ஜும்மாவுக்கு நேரமாச்சு, அங்க ஜனங்க காத்துக்கிட்டு இருப்பாங்க." இரண்டடி வைத்தவர் திரும்பி, "உங்க உரையும் நல்ல உரைதான். வீட்டம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்றார்.

பிறகு தலைவரை நோக்கி நெஞ்சில் கைவைத்துத் தலை வணங்கிவிட்டு, நடுவழியாக வேகமாக நடந்து வெளியே போனார். நான் உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். ஒலிவாங்கியைச் செல்வியின் பக்கம் திருப்பினேன். என் பங்கு அவ்வளவே.

அவள் பையோடு எழுந்தாள். தலைவர் கேட்டார்: "நீ எந்த மதத்து சார்பா பேசற, அம்மா?"

"நான் வாடகை சார்பா பேசறேன் சார்."

உறுப்பினர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் அவர்கள் சால்வையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினார்கள். அவள் மதரசாக் கூடத்தில் சொன்னதையே சொன்னாள்: ஷீட்டு, கத்திரி, மிஷின், ஊசி. ஒரு பெண் உறுப்பினர் இடைமறித்தார்.

"வீட்டுக்காரர் மாடி தரமாட்டேன்னா, சட்டம் என்னம்மா பண்ணும்?"

"அவரு வாணாம் மேடம். அவரு துணி காயப்போடவே உட மாட்டாரு. பள்ளிவாசல் மாடி கீது, தரேன்னு ஹஜ்ரத்து சொல்லிக்கிறாரு. கோயிலு மாடி கீது, சர்ச்சு மாடி கீது. அங்க போட்டு எங்க மீட்டர்ல கழிச்சுக்கலாம்னு ஒரு வரி எழுதுங்க. சாமிங்க மூணு பேரும் மாடி குடுக்கறாங்க, நீங்க ஒரு வரி குடுக்க மாட்டீங்களா?"

தலைவர் வரிசையைப் பார்த்தார். "ஹஜ்ரத் எங்க?" அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. "ஜும்மா தொழுகை நடத்தச் சென்றிருக்கிறார். அவர் வாக்குக்கு நான் பொறுப்பு" என்றேன். ஷரத்தை வாங்கிக்கொண்டார்கள். வெளியே வந்தோம்.

அன்று மாலைக்குள் ஒரு காணொலி பரவியது. யாரோ கைபேசியில் எடுத்தது. குருக்களின் மந்திரத்தில் தொடங்கி, ஹஜ்ரத் வாசலைக் கடப்பதில் முடிந்தது. ஆயரின் நீண்ட வேண்டுதல் அதில் இல்லை. ஹஜ்ரத் என் காதில் சொன்னது இல்லை. செல்வியும் இல்லை. மந்திரம் ஓதியதைக் கண்டித்து இமாம் வெளிநடப்பு என்று அதன்மேல் எழுதியிருந்தார்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவிலும் அது சுற்றியது. சிலர் அவரைத் திட்டினார்கள். வேறு சிலர், அதைவிடக் கொடுமையாக, அவரைப் பாராட்டினார்கள்.

சட்டமன்றக் குழுவின் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "சார், உங்களுக்குள்ளயே சண்டைன்னு சொல்றாங்களே. தகராறு இருக்கிற ஷரத்தை எப்படி உள்ள சேர்க்கறது? தலைவர் யோசிக்கிறார்." செல்வியின் அந்த ஒரு வரி தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த கத்திரிக்கு முன் மசோதா அவைக்கு வரவேண்டும்.

நான் அன்றே ஒரு மறுப்பறிக்கை எழுதினேன். ஒருவருடைய நற்பெயருக்கு இழுக்கு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அருட்சகோதரி அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. இதைப் போட்டா அவங்க இன்னொரு வீடியோ போடுவாங்க. அதுக்கு நீங்க இன்னொண்ணு எழுதுவீங்க. ஊரு முழுக்க ஹஜ்ரத்தைப் பத்திப் பேசும். ஷரத்தைப் பத்தி யாரு பேசுவா?"

"ஒரு மனிதரின் மானம் சிஸ்டர்" என்றேன்.

"அவரோட மானம். அவரையே கேளுங்க."

பூந்தமல்லிக்குப் போனோம். ஹஜ்ரத் பள்ளிவாசல் மாடியில் நின்று, தகடு வைக்க இடம் அளந்துகொண்டிருந்தார். என் அறிக்கையை வாசித்தார், முழுவதும் வாசித்தார்.

"இதுல என் பேரு எத்தனை தடவை வருது பாருங்க. மாடிங்கிற வார்த்தை ஒரு தடவைகூட வரல. சார், என்னைப் பத்தி ஒரு வரியும் வேணாம். மாடியைப் பத்தி எழுதுங்க. மூணு பேரும் கையெழுத்துப் போட்டுத் தருவோம். சண்டை போட்டவங்க ஒரே தாள்ல கையெழுத்துப் போட மாட்டாங்கன்னு தலைவருக்குப் புரியும்."

"ஊர் உங்களைத் தவறாகப் பேசுகிறதே" என்றேன்.

"என் ஜமாஅத்துலயே ரெண்டு பேரு கையைப் புடிச்சுக் குலுக்கினாங்க, 'நல்ல சூடு குடுத்தீங்க ஹஜ்ரத்'னு. அட பாவிகளா, உங்களுக்குத் தொழுகை வைக்கத்தானேடா ஓடி வந்தேன்னேன். நம்பல. பாராட்டையே நிறுத்த முடியல. திட்டை எங்க நிறுத்துறது? சட்டம் வரட்டும். அப்புறம் நீங்க எவ்வளவு நீளமா வேணாலும் எழுதுங்க."

அவரைப் போலவே நானும் என் பெயரைப் பெரிதாக மதிப்பவன். அதனால்தான் அவர் என்ன கொடுத்தார் என்பதை என்னால் அளக்க முடிகிறது. அன்று அவர் கொடுத்தது சில நிமிட நேரம்; அந்த மாடியில் நின்று கொடுத்தது அதைவிடப் பெரிது.

மாடிகளைப் பற்றி மட்டும் எழுதினேன். மூவரும் கையொப்பமிட்டார்கள். அந்த வார இறுதியில் குருக்கள் சொல்லாமல் கொள்ளாமல் பூந்தமல்லிக்குப் போய்ப் பள்ளிவாசல் வாசலில் நின்றார். "என் சூர்ய நமஸ்காரம் நீண்டு போனதாலதானே இவ்வளவும்" என்று அவருக்குக் குறை. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரம். ஹஜ்ரத் தம் ஸ்கூட்டரின் பின்னால் அவரை ஏற்றிக்கொண்டு டிரங்க் ரோடு வழியாகப் போனார். இருவரும் ஒரு கடை வாசலில் நின்று தேநீர் அருந்தினார்கள். குருக்கள் கடைத் தேநீர் அருந்தி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எவரும் காணொலி எடுக்கவில்லை. ஆனால் தெரு பார்த்தது.

மசோதா அடுத்த கூட்டத்தொடரில் வந்தது. ஷரத்து அதில் இருந்தது. சொற்கள் சற்று மாறியிருந்தன, பொருள் மாறவில்லை. சட்டமாயிற்று. பள்ளிவாசல் மாடியின் தகடுகளில் செல்விக்கும், அவளைப்போல் வாடகையில் இருக்கும் வேறு சில குடும்பங்களுக்கும் பங்கு உண்டு. ஒரு கத்திரி நாளில் அவள் போர்ஷனுக்குப் படியேறிச் சென்றேன். மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது, ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தது. ஷீட்டின் வெப்பம் அப்படியேதான் இருந்தது. அதற்குச் சட்டம் இன்னும் வரவில்லை.

"உக்காரு சார், காத்து வாங்கிக்கோ. ஹஜ்ரத்து காத்து" என்றாள்.

ஹஜ்ரத் இப்போது இங்கில்லை. பணியிலிருந்து விலகித் தம் சொந்த ஊருக்குப் போய்விட்டார். சட்டம்தான் வந்துவிட்டதே, அந்த மறுப்பறிக்கையை இப்போது வெளியிடலாமா என்று நான் கேட்டபோதெல்லாம், "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு சார்" என்றார். நம் மலருக்கு நினைவிருக்கிறது. அருட்சகோதரி மடத்தின் ஓய்வில்லத்தில் இருக்கிறார். மலரைக் காட்டியபோது, "இப்ப எழுதுங்க. சுருக்கமா எழுதுங்க" என்றார்.

ஆகவே, பதிவுக்காக:

நம் குழுச் செயலாளரின் உணர்ச்சிமிகு உரை கேட்டு உறுப்பினர்கள் மனமிரங்கினார்கள் என்று மலரில் அச்சாகியுள்ளது. நான் அன்று உரையாற்றவில்லை. பேசியவர் செல்வி.

சமய வேறுபாட்டால் ஹஜ்ரத் வெளிநடப்புச் செய்தார், பின்னர் சமாதானம் செய்யப்பட்டார் என்றும் அச்சாகியுள்ளது. அவர் வெளிநடப்புச் செய்யவில்லை. தம் நேரத்தைக் கொடுத்துவிட்டு, தொழுகை நடத்தப் போனார்.